ஒரு வாரம் முந்திப்போன பாடம்

2022 மே 20, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி ஐந்து நிமிடம். மூன்று மணிக்குப் பிடித்த மழை ஐந்தே முக்காலுக்கு விட்டிருந்தது. சேலத்து மலைமேல் மஞ்சக்குட்டையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் எதிர் மேட்டில் சில்வர் ஓக் மரங்களின் முதல் வரிசை மட்டும் தெரிந்தது. அதற்குப் பின்னால் எல்லாம் வெள்ளை. சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி பத்தொன்பது காட்டியது. கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கிய இரண்டு காலண்டர்களுக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியோடு நின்றுகொண்டு, என் பேரன் தப்பான பாடத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான் என்று நான் கண்டுபிடித்தது அப்போதுதான்.

இரண்டில் ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும் நாள்காட்டி. மற்றது யூதர்களின் காலண்டர், என் மருமகள் மும்பையிலிருந்து கொண்டுவந்து மாட்டியது. என் மகன் அங்கே நாடகங்களுக்கு லைட்டிங் செய்கிறான். மராத்தி நாடகங்களில் நடிக்கும் ஒரு யூதப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டான். கொங்கண் கரையில் எத்தனையோ தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவளுடையது; வீட்டில் பேசுவது மராத்தி. யூதர்களுக்கு மதம் தாய் வழியில் வருவதால் என் பேரன் யூதன், என் மகன் யூதன் அல்ல. அவர்கள் வழக்கப்படி ஆண்பிள்ளைக்குப் பதிமூன்று வயது முடிந்ததும் பெரியவர்கள் முன்னிலையில் வேதச்சுருளைத் திறந்து அவனை வாசிக்கச் சொல்வார்கள். அதன்பிறகு அவன் பெரியவர்களில் ஒருவன்.

இது மும்பையில் அவர்களுடைய ஜெப ஆலயத்தில் நடந்திருக்க வேண்டியது. ஜனவரியில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பில் ஒரு தகடும் ஆறு திருகுகளும் வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு நீண்ட ரயில் பயணம் கூடாது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். தாத்தா வர முடியாவிட்டால் நாம் தாத்தாவிடம் போவோம் என்று பேரன் சொன்னானாம். ஆகவே சுருளும் அதை வாசிக்கத் தெரிந்த பெரியவரும் சொந்தக்காரர்களுமாகப் பதினான்கு பேர் மலையேறி வருவதாக ஏற்பாடு. பத்து ஆண்கள், நான்கு பெண்கள். மகனும் மருமகளும் பேரனும் மட்டும் முன்னாலேயே வந்து எங்களோடு தங்கியிருந்தார்கள். மே 26, வியாழக்கிழமை. சனிக்கிழமை வண்டி ஏறுவது அவர்களுக்கு ஆகாது. சுருளில் வாரத்துக்கு ஒரு பகுதி என்று குறித்து வைத்து, அதைச் சனிக்கிழமைதோறும் வாசிப்பார்கள். வியாழக்கிழமை காலையிலும் சுருளைத் திறந்து, வரப்போகும் சனிக்கிழமைப் பகுதியின் தொடக்கத்தை மட்டும் வாசிப்பது உண்டு என்பதால் அந்த நாளைப் பிடித்தார்கள். யாரும் என்மேல் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்காகத்தான் இத்தனை பேர் அலைகிறார்கள் என்ற எண்ணம் பிப்ரவரியிலிருந்தே எனக்கு இருந்தது.

பாடம் சொல்லிக்கொடுத்தவர் மருமகளின் தாய்மாமா. இளம் வயதிலேயே இஸ்ரேலுக்குக் குடிபோனவர். ஏழு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் போனில் பாடம். அந்தச் சுருளில் எழுத்துக்கு மேலே கீழே எந்தப் புள்ளியும் கிடையாது. உயிர் ஒலி எது, எங்கே நிறுத்துவது, எந்த ராகத்தில் இழுப்பது, எதுவும் அதில் இருக்காது. எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு போய்த்தான் அதன் முன் நிற்க வேண்டும். பேரன் படித்தது வனாந்தரத்தில் மக்களைத் தலைக்கட்டு வாரியாகக் கணக்கெடுக்கும் பகுதி. பத்தொன்பது வாக்கியங்கள். பன்னிரண்டு தலைவர்களின் பெயரும் அவரவர் தகப்பன் பெயருமாக இருபத்து நான்கு பெயர்கள் அதில் வரும்.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. எஸ்டேட்டில் முப்பத்தாறு வருடம் ரைட்டராக இருந்தவன் நான். தினமும் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதுதான் என் முதல் வேலை. பேரன் போனில் சொல்லச் சொல்லக் கேட்டு, முழுவதையும் தமிழ் எழுத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தமிழில் இல்லாத ஒலிகளுக்கு அடியில் கோடு போட்டேன். மொத்தம் ஐம்பத்தெட்டுக் கோடுகள்.

மருமகள் மாட்டிய காலண்டரில் ஒவ்வொரு சனிக்கிழமைக் கட்டத்திலும் அந்த வாரத்துப் பகுதியின் பெயர் பொடி இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும். அன்றைக்கு வெறுமனே பொழுது போகாமல் அதைப் படித்தேன். மே 28ஆம் தேதிக் கட்டத்தில் வேறு ஏதோ பெயர் இருந்தது. பேரனுடைய பகுதி ஜூன் 4ஆம் தேதிக் கட்டத்தில் இருந்தது.

"ஏனுங்க, காலண்டரை எதுக்கு இப்படி மொறச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் என் மனைவி.

"பையன் படிக்கிறது வர்ற வியாழக்கிழமைக்கு உண்டானது இல்ல போல இருக்குது. அடுத்த கட்டத்துல போட்டிருக்குது."

"அச்சடிச்சவன் மாத்திப் போட்டிருப்பான். போன வருசம் நம்ம காலண்டர்ல அமாவாசையவே மாத்திப் போட்டானில்லீங்களா?"

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பேரனுடைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். பாடம் சொல்லும் தாய்மாமா ஒவ்வொரு வாரமும் அந்த வாரம் அவர்கள் ஊரில் எந்தப் பகுதி என்று சொல்ல, அவன் தேதியோடு குறித்திருந்தான். கடைசி நான்கு வாரமும் காலண்டரைவிட ஒரு கட்டம் முந்தியே இருந்தது. நான்கு தடவையும் ஒரே மாதிரி அச்சுப்பிழை வராது.

மருமகள் கையில் தீப்பெட்டியோடு வந்தாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அதோடு போனை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவாள். கட்டத்தைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், மறுபடி கட்டத்தைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க இதைப் பாக்காம இருந்திருந்தா, வியாழக்கிழமை சுருள வேற எடத்துல தெறந்து வச்சிருப்பாங்க. இவன் போய் நின்னு பாத்தா அவன் படிச்ச எழுத்து ஒண்ணுகூட அங்க இருக்காதுங்க."

"நமக்கு வேணுங்கிற எடத்துல தெறந்துக்க முடியாதா?" என்று என் மகன் கேட்டான்.

"முடியாது. அந்த வாரத்துக்கு எதுவோ அதுதான்."

உடனே இஸ்ரேலில் இருக்கும் தாய்மாமாவைப் போனில் கூப்பிட்டாள். அவர் வெள்ளிக்கிழமை மத்தியானமே போனை அணைத்துவிடுகிறவர். சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் கிடைப்பார். அது நமக்கு நடுராத்திரி. ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் ஒன்றும் தெரியாது. மருமகள் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கண்ணை மூடிக்கொண்டு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள்.

"அப்ப நான் படிச்சதெல்லாம் வேஸ்டா?" என்றான் பேரன்.

ஜூன் 2ஆம் தேதி வியாழக்கிழமைக்குத் தள்ளி வைத்தால் அவன் படித்ததே சரியாக வந்துவிடும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. சொல்லவும் சொன்னேன்.

"பதினாலு பேரு டிக்கெட்டுங்கப்பா. ரூமு, லீவு, வேனு," என்று மகன் விரல் விட்டான். "ஆறு நாள் முழுசா இருக்குது. இந்த வாரத்துப் பகுதில பதினோரு வாக்கியந்தான். இவங்கம்மா ரெண்டே ராத்திரில ஒரு முழு வேசத்தப் பாடம் பண்ணி மேடை ஏறினவ. நாடகத்தத் தள்ளி வச்ச பழக்கம் நம்ம ஊட்ல கெடையாது. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

எஸ்டேட்டில் வருடா வருடம் காப்பி அறுவடை முடிந்ததும் நாங்கள் ஒரு நாடகம் போடுவோம். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. மொத்தம் இருபத்தொன்பது நாடகம். வேஷமும் உடுப்பும் என் மனைவி பார்த்தாள். மகன் ஏழு வயதிலேயே டார்ச் லைட்டில் கலர் காகிதம் ஒட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றவன். கரண்ட் போன வருடம் பெட்ரோமாக்ஸ் வைத்து நடத்தினோம். ராஜாவாக நடித்த டிரைவருக்கு நூற்றிரண்டு காய்ச்சல் அடித்த வருடம் அவரை நாற்காலியில் உட்கார வைத்தே நடத்தினோம். இதையெல்லாம் பெருமையாகப் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தது நான்தான். பேரனும் நான்கு வயதிலிருந்து மேடை ஏறுகிறவன். அவன் சமாளித்துக்கொள்வான் என்று எல்லாருமாகச் சொல்லிக்கொண்டோம்.

சனிக்கிழமை முழுவதும் மருமகள் புத்தகத்தை வைத்துக்கொண்டு புதுப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தாள். காலாகாலத்தில் மழை பெய்யும், மரங்கள் காய்க்கும் என்று வாக்குக் கொடுக்கிற பகுதி அது. மத்தியானத்துக்குள் நான்கு வாக்கியம் வந்துவிட்டது, சாயங்காலம் ஆறு. ஏழாவதில் பழைய பாடத்தின் ராகம் வந்து புகுந்தது. திருத்தினாள். மறுபடி அதே இடத்தில் அதே ராகம். பத்து தடவைக்கு மேல் நான் எண்ணுவதை நிறுத்தினேன். சரி, மனதுக்குத் தைரியம் வரட்டும் என்று பழையதை ஒருமுறை சொல்லச் சொன்னாள். நான் நோட்டைப் பிரித்துக்கொண்டு விரலால் தொடர்ந்து போனேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற பாடம் அது. ஐந்தாவது தலைவர் பெயரில் நின்றுவிட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன். மூன்று பெயர் தாண்டி மறுபடி நின்றான். ராத்திரி வழக்கமாக நான்கு தோசை சாப்பிடுகிறவன் ஒன்றரையோடு எழுந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் வந்து படியில் உட்கார்ந்தான்.

"தாத்தா, மேடைல வசனம் மறந்தவங்களப் பாத்திருக்கீங்களா?"

"நெறையப் பாத்திருக்கேன் கண்ணு. ஒரு வருசம் மந்திரியா வந்தவரு, ராஜா பேரையே மறந்துட்டாரு."

"அப்புறம்?"

"நான் எடுத்துக் குடுத்தேன். அவரு பதட்டத்துல எம் பேரச் சொல்லிட்டாரு."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நாடகத்துல மறந்தா ஏதாச்சும் சொல்லிச் சமாளிக்கலாம். இதுல அப்படிச் சொல்ல முடியாது தாத்தா. ஒரு எழுத்து மாறினாலும் நிறுத்தித் திரும்பச் சொல்லச் சொல்லுவாங்க. நான் நடுவுல நின்னுட்டா அவ்ளோ தூரம் வந்தவங்க எல்லாம் பாத்துக்கிட்டே இருப்பாங்க." பிறகு, "எனக்குப் பயமா இருக்குதுன்னு அம்மாகிட்டச் சொல்லாதீங்க," என்றான்.

சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அதை அவன் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஒன்பது மணிக்கு மாமா கிடைத்தார். போனை மேசையில் வைத்து எல்லாரும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினாள் மருமகள். அவர் மராத்தியில் பேச, அவள் எங்களுக்குச் சொன்னாள். முதலில் காலண்டர் தப்பு என்றார். அப்புறம் சிரித்தார். அப்புறம் தம் வீட்டுக் காலண்டரை எடுத்துக்கொண்டு வந்தார்.

விஷயம் இதுதான். வசந்த காலத்தில் அவர்களுக்குப் பெரிய பண்டிகை ஒன்று. அதை இஸ்ரேலில் ஏழு நாள் கொண்டாடுவார்கள். வெளிநாடுகளில் இருக்கிறவர்கள் எட்டு நாள். அந்த வருடம் எட்டாம் நாள் சனிக்கிழமையில் விழுந்தது. பண்டிகை நாளில் வழக்கமான பகுதியை வாசிப்பதில்லை. ஆகவே இங்கே பண்டிகை நடந்துகொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை, அங்கே பண்டிகை முடிந்து அடுத்த பகுதிக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவர்கள் ஒரு வாரம் முன்னால். ஜூலைக் கடைசியில்தான் இரண்டும் ஒன்று சேரும். மாமா தம் ஊர்க் கணக்கில் பாடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். இங்கே இருந்தவரைக்கும் எட்டு நாள் பண்டிகை கொண்டாடியவர்தான். முப்பது வருடத்தில் எட்டாம் நாள் மறந்துபோயிருக்கிறது. இரண்டு கணக்கும் சரி, இரண்டு காலண்டரும் சரி. யார் தப்பும் இல்லை என்பது எனக்கு என்னவோ பெரிய ஆறுதலாக இருந்தது.

மாமா இன்னொன்றும் சொன்னார். பையன் வாசித்துத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. சுருளுக்கு முன் நின்று இரண்டு துதி மட்டும் சொன்னால் போதும், வாசிப்பதை வேறு யாரும் வாசிக்கலாம்.

"அப்ப அப்படியே பண்ணிடலாம். பிரச்சினை தீந்துச்சு," என்றான் மகன்.

பேரன் முகம் வாடிவிட்டது. ஏழு மாதம் படித்தவன். அதைப் பார்த்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அவன் பயந்து போயிருக்கான்," என்றேன். "எங்கிட்டச் சொன்னான். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னும் சொன்னான்."

மருமகள் அவனைப் பார்த்தாள். "பயமா?"

"ரெண்டும் கலந்து போகுதும்மா. பழசும் போயிடுச்சு," என்றான். அவனுக்குக் கண் கலங்கியது. என்னை அவன் பார்க்கவே இல்லை.

மேடையில் நின்று பழகியவள் அவள். அந்தப் பயம் எந்த மாதிரிப் பயம் என்று அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனை எடுத்து மாமாவிடம் நாலு வார்த்தை பேசி வைத்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"தள்ளி வைக்கலாம். ஒரு வாரம்."

"நம்ம வழக்கம்..."

"நாடகத்தத் தள்ளி வைக்கக் கூடாதுங்கிறது டிக்கெட் வாங்கின சனங்களுக்காக. இங்க யாரு டிக்கெட் வாங்கியிருக்காங்க?"

"பதினாலு பேரு வாங்கியிருக்காங்க. ரயில்ல," என்றான் மகன்.

முதலில் சிரித்தது என் மனைவிதான். பிறகு பேரன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

"தள்ளி வைக்கிறதுல கூடுதலா ஆகிற செலவு என்னோடது," என்றேன். "எவ்வளவு ஆனாலும். ஆனா மணி இப்ப ஒன்பதே முக்கால். அவங்க ரயிலு செவ்வாக்கெழம மூணே காலுக்கு. நாப்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னால ரத்து பண்ணினா பிடித்தம் கம்மி. இன்னைக்கு மூணே காலுக்குள்ள முடிக்கணும். அஞ்சரை மணி நேரம் இருக்குது."

"இதையும் எண்ணி வச்சிருக்கீங்களா," என்றாள் மனைவி.

மகனும் மருமகளும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள். நானும் மனைவியும் ஜீப் பிடித்து நாகலூர் போனோம். விருந்தாளிகள் தங்கவும் சடங்கு நடத்தவும் அங்கே ஒரு தங்கும் விடுதியில்தான் சொல்லி வைத்திருந்தோம். காப்பித் தோட்டத்து நடுவில், அதை நடத்தும் அம்மா குடியிருக்கும் வீட்டோடு சேர்த்துக் கட்டிய ஐந்து அறைகளும் ஒரு கூடமும். அந்த அம்மா மலைக்காரர். களத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க ரைட்டரய்யா, வியாழக்கெழமன்னு தானே சொன்னீங்க? இன்னிக்கு ஞாயிறுங்களே."

"வியாழக்கெழமதானுங்க. அடுத்த வியாழக்கெழம."

"ஊட்ல யாருக்காச்சும் ஏதாச்சும்..."

"ஒண்ணுமில்லீங்க. பையன் பாடத்த ஒரு வாரம் முந்திப் படிச்சுட்டான்."

"முந்திப் படிச்சா நல்லதுதானுங்களே. எம் பேத்தி பரீச்சை முடிஞ்ச பொறவு படிக்கிறா."

நான் எட்டாம் நாள் கதையைச் சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. "அந்த நாட்டுல ஒரு நாளு, இந்த நாட்டுல ஒரு நாளு. எங்க நோம்பியும் பக்கத்து ஊருக்கும் எங்க ஊருக்கும் ஒரே நாளு வராதுங்க. இதுக்கா ரெண்டு பேரும் மொகம் இப்படி வெளுத்து வந்திருக்கீங்க?"

அடுத்த வாரம் சீசன் கூட்டம். ஐந்தில் இரண்டு அறையை பெங்களூர்க்காரர்கள் ஏற்கெனவே பிடித்திருந்தார்கள். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"மவன் ஊடு சும்மாத்தான் கெடக்குது. ரெண்டு ரூமு அதுல இருக்குது, சுண்ணாம்பு பூசிக் குடுத்துடறேன். ஆனா ரூமுக்கு ஒரு நாளைக்கு ஐநூறு கூட வேணுங்க. சீசன்ல நான் மத்தவங்ககிட்ட வாங்கறது அதவிட நொம்ப ஜாஸ்தி."

"ஏனுங்க, மொத வந்த ஆளுக நாங்கதானே," என்று மனைவி பேரத்தை ஆரம்பித்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். என்னுடைய ஐம்பது வருட இல்வாழ்க்கையில் ஒரு பேரத்தை நான் தடுத்தது அன்றைக்கு மட்டும்தான்.

அங்கேயே இருக்கும்போது இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மகன் கூப்பிட்டான். பயணச்சீட்டு அடுத்த செவ்வாய்க்கு இருக்கிறது, ஆனால் அதே வகுப்பில் இல்லை. ஒரு வகுப்பு மேலே. ஒருவருக்கு மட்டும் அடுத்த வாரம் லீவு கிடைக்காது. மொத்தம் பதின்மூன்று பேர். அதில் ஆண்கள் ஒன்பது.

நான் அங்கேயே இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். பதிமூன்று வயது தாண்டிய யூத ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் சுருளைத் திறப்பார்கள். நானும் என் மகனும் அந்தக் கணக்கில் வரமாட்டோம். ஒன்பது பேரோடு பத்தாவதாக இன்னொருவரை மலைமேல் எங்கே தேடுவது.

"ஒன்பதுன்னா ஆகாதேப்பா," என்றேன்.

போன் கைமாறும் சத்தம் கேட்டது. "தாத்தா, நானும் ஒண்ணு," என்றான் பேரன்.

அவனுக்கு அவர்கள் கணக்கில் பதிமூன்று முடிந்து அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்திருந்தேன். இரண்டு தடவையும் அவனை விட்டுவிட்டுத்தான் கூட்டியிருந்தேன். அவன் குரலில் காலையில் இருந்த இறுக்கம் இல்லை. என்மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவன் அம்மா போனை வாங்கிவிட்டாள். இரண்டு ஐம்பத்திரண்டுக்குப் பழைய டிக்கெட் எல்லாம் ரத்தாகிவிட்டன என்று செய்தி வந்தது.

அதற்கப்புறம் பத்து நாள் நான் சுகமாகத் தூங்கினேன் என்றே சொல்லலாம். இடுப்பு வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. புதுப் பாடத்தைத் தொடவே கூடாது என்று மருமகள் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் எந்தப் பாடமும் கிடையாது. மூன்றாம் நாள் பழையதைச் சொல்லச் சொன்னபோது இருபத்து நான்கு பெயரும் வரிசையாக வந்து விழுந்தன. நான் நோட்டை மூடி வைத்தேன். ஒரே ஒரு குறை, தலைவர் பெயர் வரும் இடமெல்லாம் அவன் கையை நீட்டி, அரசவையில் ஆளை அழைப்பதுபோல் சொன்னான். "நடிக்காதே, வாசி," என்று அவன் அம்மா தினமும் சொன்னாள். வேறு எந்தத் தாயும் எந்தப் பிள்ளைக்கும் அந்த வார்த்தையை அவ்வளவு தடவை சொல்லியிருக்க மாட்டாள்.

ஜூன் 1ஆம் தேதி, புதன்கிழமை சாயங்காலம் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். சுருள் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. அதைக் கீழே வைக்கக் கூடாது என்று ரயிலில் ராத்திரி முழுக்க முறை போட்டு மடியில் வைத்திருந்தார்களாம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் அதைப் பெரியவர் ஒருவரே மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். எழுபது வயது இருக்கும். இறங்கும்போது அவருக்குக் கால் தள்ளாடியது, பெட்டி ஆடவில்லை.

டீ கொண்டுவரச் சொல்வதற்காக நான் விரலை நீட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று வந்தவர்களை எண்ண ஆரம்பித்தேன். பெரியவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"மாமா, ஆளுகள அப்படி எண் சொல்லி எண்ணக் கூடாதுங்க," என்றாள் மருமகள். "நல்லதில்லைன்னு சொல்லுவாங்க. பத்து வார்த்தை இருக்கிற ஒரு வரி உண்டு. ஆளுக்கு ஒரு வார்த்தையாச் சொல்லிப் பாப்பாங்க."

"முப்பத்தாறு வருசம் நான் தெனமும் ஆள் எண்ணினவம்மா. அதோட நாளைக்கு இவன் வாசிக்கப் போறதே ஆள் எண்ணுற கதைதானே? கேட்டுச் சொல்லு."

அவள் கேட்டாள். பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு ஏதோ சொன்னார், மற்றவர்கள் சிரித்தார்கள்.

"அது ஆண்டவன் எண்ணச் சொன்னதாம். உங்கள யாரு எண்ணச் சொன்னாங்கன்னு கேக்கறாரு."

நான் டம்ளர்களை எண்ணினேன். அதற்குத் தடை இல்லை என்றார்கள்.

மறுநாள் காலை எட்டு மணி பத்து நிமிடம். மழை இல்லை, வெயிலும் அதிகம் இல்லை. கூடத்தில் மேசைமேல் பட்டுத்துணி விரித்துச் சுருளைத் திறந்தார்கள். பேரன் வெள்ளைத் துண்டு போர்த்திக்கொண்டு, ஒரு வெள்ளிக் கோலால் எழுத்தைக் காட்டிக் காட்டி வாசித்தான். நானும் மனைவியும் மகனும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். நோட்டு என் மடியில் இருந்தது. கையை நீட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. அம்மா சொன்ன மாதிரி வாசித்தான். ஏழு தலைவர்கள் சரியாக வந்தார்கள். அடுத்து எட்டாவது பெயர் வரவேண்டிய இடத்தில் ஒன்பதாவது பெயரைச் சொன்னான்.

எனக்கு வாய் திறந்துவிட்டது. மனைவி என் தொடையில் கிள்ளினாள். அதற்குள் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்ற இருவரில் ஒருவர் விட்டுப்போன பெயரைச் சாதாரணமாகச் சொன்னார். பேரன் கோலை ஒரு வரி மேலே நகர்த்தி, அந்தப் பெயரைச் சொல்லி, மேலே போனான். நின்று போகவில்லை, முகம் மாறவில்லை. எடுத்துக் கொடுப்பதற்கென்றே பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேரைச் சடங்கிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். அவனும் பயந்திருக்க மாட்டான். ஆனால் அவனுக்கு அது தெரிந்தே இருந்தது என்றும், பாடம் கைவசம் இருந்தால்தான் அவர்கள் எடுத்துக் கொடுப்பது பயன்படும் என்றும் பிறகு சொன்னான். அது சரிதான். வசனமே தெரியாதவனுக்கு நானும் எடுத்துக் கொடுத்ததில்லை.

பத்தொன்பதாவது வாக்கியம் முடிந்ததும் எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் கை தட்டிவிட்டது. வேறு யாரும் தட்டவில்லை. அவர்கள் எல்லாரும் பையன்மேல் மிட்டாயை வீசிக்கொண்டிருந்தார்கள். கைதட்டலைக் கேட்டதும் மேடையில் வளர்ந்த பிள்ளை, ஒரு கையை நெஞ்சில் வைத்து இடுப்பை வளைத்து, திரை விழுவதற்கு முன் செய்வதுபோல் வணங்கிவிட்டான். பெரியவர் கோலை வாங்கி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

பிறகு அவலில் தேங்காயும் சர்க்கரையும் பிசைந்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி, நன்றி சொல்லிப் பாடினார்கள். அவர்கள் அதை மலிதா என்கிறார்கள். என் மனைவிக்கு அது ஒரு புதுச் சாப்பாடாகவே தெரியவில்லை. விடுதிக்கார அம்மாவும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பேரன் மூன்று தடவை வாங்கித் தின்றுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீங்க அம்மாகிட்டச் சொன்னது நல்லதாப் போச்சு தாத்தா," என்றான். "ஆனா அன்னைக்கு எனக்கு உங்கமேல கோவம்."

"எவ்வளவு நேரம் இருந்துச்சு சாமி?"

"மத்தியானம் வரைக்கும்."

விருந்தாளிகள் புதன், வியாழன் இரண்டு நாளும் இருந்துவிட்டு இறங்கிப் போனபிறகு, நான் கணக்கு நோட்டோடு உட்கார்ந்தேன். ரத்துப் பிடித்தம் போகவும் வரவுமாக இருபத்தெட்டு டிக்கெட்டுக்கு, வகுப்பு கூடியதில் வந்த வித்தியாசம் பதின்மூன்று பேருக்கு, ஐந்து அறைக்கு இரண்டு நாள் கூடுதல், திரும்பி வராத வேன் அட்வான்ஸ், முதலில் குறித்த தேதிக்கென்று வாங்கி அழுகிப்போன பழம். மகன் பாதியைத் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். இரண்டு முறை கூட்டினேன், இரண்டு முறையும் ஒரே தொகைதான் வந்தது: இருபத்திரண்டாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.